வெள்ளிக்கிழமை பிட்சர்

லிங்கன், நெப்ராஸ்கா
மார்ச் கடைசி

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள், அத்தை, பாட்டி எல்லாரும் சௌக்கியம்தானே? படிக்கப் போனவனுக்கு மைதானத்தில் என்ன வேலை என்று போனில் கேட்டீர்கள். கல்லூரி பேஸ்பால் அணிக்குக் கணக்கு எழுதும் பகுதிநேர வேலை மாமா. புள்ளியியல் படிக்கிறேன் என்று சேர்த்துக்கொண்டார்கள். பிட்சர் போடும் ஒவ்வொரு பந்தும் எந்த வகை, என்ன வேகம், எங்கே போனது என்று குறிக்க வேண்டும்.

பிட்சர் என்றால் நம் ஊர் பௌலர் மாதிரிதான். ஆனால் ஓடிவருவது கிடையாது. பத்து அங்குல உயர மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்தே எறிகிறான். அப்படியே மணிக்கு 145 கிலோமீட்டர் வருகிறது! பாரமெல்லாம் தோளுக்கும் முழங்கைக்கும்தான். முழங்கையின் உள்பக்கத் தசைநார் அறுவது இங்கே சர்வசாதாரணம். 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் வேறொரு தசைநாரை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார். அந்த ஆபரேஷனுக்கு டாமி ஜான் பெயரே நின்றுவிட்டது. செய்துகொண்டவன் திரும்பி வந்து போட ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

அதனால் கோச்சுக்குப் பாதி வேலை யார் கை எத்தனை பந்து போட்டது என்று எண்ணுவதுதான். சீசனில் 56 ஆட்டம். வெள்ளி, சனி, ஞாயிறு ஒரே அணியோடு வரிசையாக மூன்று, பெரும்பாலும் செவ்வாயோ புதனோ இன்னொன்று. அணியின் நல்ல பிட்சருக்கு வெள்ளிக்கிழமை. தொண்ணூறு, நூறு பந்து போட்டுவிட்டால் அடுத்த வெள்ளிவரை அவனை ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள். நடுவாரத்தில் லேசாகப் பயிற்சி, அவ்வளவுதான். பின்னால் வந்து முடித்துக்கொடுக்கும் பையன்கள் விஷயம்தான் சிக்கல். வெள்ளியன்று நாற்பது பந்து போட்டவனுக்குச் சனிக்கிழமை லீவு. ஞாயிறு கேட்டுப் பார்க்கலாம். ஓரத்தில் நின்று கை சூடேற்றிவிட்டு ஆட்டத்துக்கே வராமல் உட்கார்ந்தவன் கணக்கில் ஏற மாட்டான். ஆனால் அவன் கைக்குத் தெரியுமே! அதையும் தனியாக எழுதி வைக்கச் சொல்கிறார் எங்கள் கோச். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான்.

குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிப்ரவரி நடுவிலேயே சீசன் தொடங்கிவிடும். இங்கே அப்போது பனி கொட்டும் காலம். அதனால் முதல் சில வாரம் டெக்சாஸ், அரிசோனா என்று தெற்கே போய் ஆடுகிறார்கள். ஊர் திரும்பிய பிறகும் குளிர் விடுவதில்லை. போன சனிக்கிழமை நான்கு டிகிரி, கூடவே காற்று. பந்து கையில் கண்ணாடி போல வழுக்குகிறது. பின்பாக்கெட்டில் சூட்டுப் பொட்டலம், மேட்டுக்குப் பின்னால் குங்கிலியத்தூள் பை. இரண்டையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டே போட்டான் எங்கள் பிட்சர். இங்கே ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆறாவது இன்னிங்ஸ் வரை பிரமாதம். காற்று எதிரே வீசியதால் தூக்கி அடித்ததெல்லாம் மைதானத்துக்குள்ளேயே விழுந்தது. ஏழாவதில் வேகம் ஐந்து கிலோமீட்டர் குறைந்தது. அது பரவாயில்லை, குளிரில் குறையும். ஆனால் கை இறங்கிவிட்டது, தாழ்வாகப் போக வேண்டிய பந்து நெஞ்சு உயரத்துக்கு ஏறியது. கோச் மெதுவாக நடந்து போனார். பையன் "நல்லாத்தான் இருக்கேன்" என்று தலையாட்டினான். எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். அவர் பேசாமல் கையை நீட்டினார், அவன் பந்தை வைத்துவிட்டு வந்தான். நம் கிரிக்கெட் மாதிரி அப்புறம் ஒரு ஸ்பெல் என்ற பேச்சே இல்லை. ஆட்டத்தைவிட்டுப் போனவன் போனவன்தான். அடுத்து வந்தவன் மூன்று ரன் கொடுத்துத் தோற்றோம். மேலே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கோச்சைத் திட்டித் தீர்த்தார். நான் கோச் பக்கம்தான்.

இங்கே எல்லாரும் இப்படி என்றும் இல்லை. 2009-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக அணியும் பாஸ்டன் காலேஜ் அணியும் 25 இன்னிங்ஸ் ஆடினார்கள். ஒன்பதில் முடிய வேண்டிய ஆட்டம்! டெக்சாஸின் ஆஸ்டின் வுட் நடுவில் வந்து 13 இன்னிங்ஸ், 169 பந்து போட்டு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லும்போது இங்கே பாதிப் பேர் கை தட்டுகிறார்கள், பாதிப் பேர் தலையில் கை வைக்கிறார்கள்.

சரி, இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், உங்கள் பள்ளி டீமில் வேகமாகப் போடுகிற அந்த இடது கைப் பையனுக்காகத்தான். மேட்ச் பந்தை மட்டும் எண்ணாதீர்கள். சாயங்காலம் நெட்டில் போடுவதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். அவனிடம் வலிக்கிறதா என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. உங்கள் தோளைப் பற்றி அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அத்தையிடம் பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்