கிங் என்ற பெயரில் இன்னொருவர்: டபிதா கிங்குக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய டபிதா கிங் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். போன ஆவணியில் அப்பாவின் வாடகை நூலகத்தைக் காலி செய்தோம். அப்பா போய் ஒரு வருடம் முடிந்திருந்தது. அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் புத்தகங்களைக் கட்டும்போது அவர் கையால் எழுதிய நீளமான பதிவேடு கிடைத்தது. 'கிங், எஸ்.' என்ற தலைப்பின் கீழ் வரிசையாக உங்கள் கணவர், அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் நாவல்கள். கேரி, சேலம்ஸ் லாட், தி ஷைனிங், குஜோ, மிசரி என்று போய்க்கொண்டே இருந்த வரிசையில், 27ஆவது எண்ணில் 'பர்ல்' என்று இருந்தது.

பர்ல் அவர் எழுதியதல்ல, நீங்கள் எழுதியது. அட்டையில் உங்கள் பெயர் தெளிவாகத்தான் அச்சாகியிருக்கிறது. அப்பா 'கிங்' என்பதை மட்டும் பார்த்து எழுதிவிட்டார். பள்ளி விட்டு வந்ததும் அந்தக் கல்லாவில் உட்கார்ந்து பல வருடம் புத்தகம் எடுத்துக் கொடுத்த நானும் ஒரு நாளும் கவனிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்பதற்காகவும், அதைவிட முக்கியமாக, உங்கள் கணவரின் எழுத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் விட்டுப்போகிற ஒன்றைச் சொல்வதற்காகவும் எழுதுகிறேன்.

2019இல் நியூ இங்கிலாந்து வம்சாவளி வரலாற்றுச் சங்கத்துக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து 12.5 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தீர்கள். செய்தித் தலைப்புகளில் அவர் பெயர் வந்தது, நீங்கள் வெறும் 'மனைவி' ஆனீர்கள். மனைவி என்பது ஓர் உறவு, அதுவே ஓர் ஆளின் அடையாளம் ஆகிவிடாது என்று நீங்கள் பதில் எழுதியதைப் படித்தேன். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது அம்மா. ஆனாலும் இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களிடமே சொல்வது, பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்காக.

முதலில் வெளிவந்த நாவலான கேரி பிறந்த கதையை, தன் எழுத்து வாழ்க்கையைச் சொல்லும் ஆன் ரைட்டிங் நூலில் அவர் எழுதியிருக்கிறார். மெய்ன் மாநிலத்தில் ஹெர்மன் என்ற ஊர், ஒரு டிரெய்லர் வீடு. அதில் துணி துவைக்கும் இடத்தில், குழந்தைகள் எழுதும் சின்ன மேசையை மடியில் தாங்கிக்கொண்டு, உங்களுடைய ஆலிவெட்டி தட்டச்சுப் பொறியில் அவர் எழுதுவார். பகலில் ஹாம்ப்டன் அகாடமியில் ஆங்கில ஆசிரியர். கோடை விடுமுறையில் சலவைத் தொழிற்சாலையில் வேலை. நீங்கள் டோனட் கடையில் ஷிப்ட் பார்த்தீர்கள். கேரியின் முதல் மூன்று பக்கம் எழுதியதும் அவருக்குப் பிடிக்கவில்லை, கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். கூடையைக் கொட்டப்போன நீங்கள் அந்தத் தாள்களைப் பார்த்தீர்கள். சிகரெட் சாம்பலைத் தட்டி, சுருக்கத்தை நீவிவிட்டு உட்கார்ந்து படித்தீர்கள்.

இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். அதற்கப்புறம் நடந்ததைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பள்ளிப் பெண்களின் உலகம் தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னபோது, அந்தப் பகுதிக்கு நான் உதவுகிறேன் என்றீர்கள். குளியலறையில் மற்றப் பெண்கள் சுற்றி நின்று கூச்சலிட, முதல் மாதவிடாயின் ரத்தத்தைப் பார்த்துச் செத்துப்போகிறோம் என்று அலறும் பெண் கேரி. ஆண் எழுத்தாளர் ஒருவர் இதை இவ்வளவு நிஜமாக எழுதியிருக்கிறாரே என்று 16 வயதில் படித்தபோது வியந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று நாள் ஒதுங்கி உட்கார வைப்பார்கள். அந்த ஓரத்தில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். அந்தப் பக்கங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பேசியிருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

300 டாலர் கதையையும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் விவாத மன்றத்துக்குப் பொறுப்பேற்றால் வருடத்துக்கு 300 டாலர் கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறார்கள். தொலைபேசி இணைப்பைக்கூட வைத்துக்கொள்ள முடியாத வீடு, இரண்டு கைக்குழந்தைகள். நீங்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எழுத நேரம் இருக்குமா? அவ்வளவாக இருக்காது என்கிறார். அப்படியானால் வேண்டாம் என்றீர்கள். 2003இல் நியூயார்க்கில் தேசியப் புத்தக அறக்கட்டளையின் பதக்கத்தை வாங்கும்போது அவர் மேடையில் இதைச் சொன்னார். திகில் கதை எழுதுகிறவருக்கு இந்த விருதா என்று ஹெரால்ட் ப்ளூம் போன்ற விமர்சகர்கள் கொதித்த நேரம் அது. அவரோ அந்த மேடையில் உங்களைப் பற்றியும் வீட்டுக் கஷ்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு மறக்கவே முடியாதது மகள் நவோமியின் காதுவலி. உங்கள் கணவரின் அம்மாவைப் பார்த்துவிட்டுக் குடும்பமாகத் திரும்புகிறீர்கள். குழந்தைக்குக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சல். ரோஸ் நிற மருந்து வேண்டும், வாங்கக் காசில்லை. தபால்பெட்டியில் ஒரு உறை இருக்கிறது. பில்லாகத்தான் இருக்கும் என்று பிரித்தால், 'சம்டைம்ஸ் தே கம் பேக்' சிறுகதைக்கு ஒரு பத்திரிகை அனுப்பிய 500 டாலர் காசோலை. செத்தவர்கள் திரும்பி வரும் கதை, ஒரு குழந்தையின் காதுக்கு மருந்து வாங்கித் தந்தது. இதைப் படித்த பிறகு அவருடைய பேய்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாசக் கடைசியிலிருந்து கிளம்புகின்றன. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கையில் என்ன இருக்கிறது என்ற இடத்திலிருந்து கிளம்புகின்றன.

கேரியின் கெட்டி அட்டைப் பதிப்புக்கு வந்த முன்பணம் 2,500 டாலர். பிறகு 1973 மே மாதம் அன்னையர் தினத்தன்று வந்த அழைப்பில், பேப்பர்பேக் உரிமை 4 லட்சம் டாலருக்குப் போனதாகச் செய்தி. அதில் பாதி உங்கள் குடும்பத்துக்கு, மீதி பதிப்பகத்துக்கு. நீங்கள் குழந்தைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை, பாங்கரில் பெரும்பாலான கடைகள் அடைப்பு. திறந்திருந்த மருந்துக்கடையில் கிடைத்த தலைமுடி உலர்த்தும் கருவியை உங்களுக்காக வாங்கி வந்தார். நீங்கள் வந்ததும் விஷயத்தைச் சொன்னார். அவர் தோளுக்கு மேலாக அந்த நாலு அறை வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு நீங்கள் அழுதீர்கள். அந்த அழுகைக்கு எங்கள் ஊரில் விளக்கம் தேவையில்லை.

அவருடைய அம்மா அடுத்த சில மாதங்களிலேயே புற்றுநோயில் போய்விட்டார். கணவன் விட்டுப் போன பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்து இரண்டு பையன்களை வளர்த்தவர். மகன் சின்ன வயதில் எழுதிய முயல் கதைகளுக்குக் கதைக்கு 25 சென்ட் கொடுத்தவர். கேரி 1974 ஏப்ரலில்தான் வெளிவந்தது. புத்தகத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் அச்சுக்கு முன்பே அவருடைய சகோதரி படித்துக் காட்டியிருக்கிறார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

அதற்குப் பிறகு வந்த நாவல்கள் அறுபதுக்கும் மேல். எல்லாவற்றையும் பேச இங்கே இடமில்லை. பல உலகங்களைக் கடக்கும் டார்க் டவர் வரிசையை நான் மரியாதையோடு தாண்டிப் போய்விடுவேன். என் மனம் நிற்பது வீட்டுக்குள் நடக்கும் கதைகளில். 1974இல் கொலராடோவின் ஸ்டான்லி ஹோட்டலில், சீசன் முடிகிற கடைசி நேரத்தில், ஆளில்லாத அந்தப் பெரிய கட்டடத்தில் நீங்கள் இருவரும் 217ஆம் எண் அறையில் தங்கினீர்கள். அங்கிருந்துதான் தி ஷைனிங் வந்தது. பேய் பிடித்த ஹோட்டல் என்பார்கள். நான் படித்தது குடிகார அப்பாவின் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையின் கதை. அதை எழுதும்போது தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று தனக்கே தெரியவில்லை என்று அவரும் பின்னால் ஒத்துக்கொண்டார்.

பெட் செமட்டரி இன்னும் கொடூரம். 1978-79இல் அவர் மெய்ன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தபோது ஆரிங்டனில் வாடகைக்கு இருந்தீர்கள். வாசலை ஒட்டி லாரிகள் பறக்கும் சாலை. நவோமியின் பூனை அதில் அடிபட்டுச் செத்தது. பக்கத்துக் காட்டில், ஊர்க் குழந்தைகள் செல்லப்பிராணிகளைப் புதைக்கும் இடத்தில் அதையும் புதைத்தீர்கள். சின்னவன் ஓவன் ஒருநாள் அதே சாலையை நோக்கி ஓடியிருக்கிறான், ஓரத்திலேயே தடுத்தாகிவிட்டது. தடுக்காமல் போயிருந்தால் என்ற ஒரே கேள்விதான் அந்த நாவல். எழுதி முடித்தவருக்கே தாங்கவில்லை, இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். பதிப்பகத்தின் ஒப்பந்தத்தை முடிக்க ஒரு புத்தகம் கொடுத்தாக வேண்டியிருந்ததால் 1983இல் வெளியே வந்தது.

எங்கள் கடையில் அந்தப் புத்தகத்தை ஒரு அக்கா எடுத்துப் போனார். பைபாஸ் ரோட்டோரம் வீடு, இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன். மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். "இதை வீட்டுல வெச்சுக்க முடியல பாப்பா. ராத்திரி பூரா லாரி சத்தம்தான் கேக்குது" என்று கல்லாவில் வைத்துவிட்டு, வாடகைக் காசையும் கொடுத்துவிட்டுப் போனார். பாதிவரை பஸ் டிக்கெட்டை மடித்து அடையாளம் வைத்திருந்தார். திகில் நாவலுக்கு இதைவிடப் பெரிய விமர்சனத்தை நான் இன்றுவரை படிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசிப் பகுதி பற்றி எழுதக் கொஞ்சம் தயங்கினேன். அவரே மறைக்காமல் எழுதியிருப்பதால் எழுதுகிறேன். குடியும் கொக்கைனும் அவரைத் தின்றுகொண்டிருந்தன. குஜோவை எழுதியதே சரியாக நினைவில்லை என்கிறார். நீங்கள் குடும்பத்தாரையும் நண்பர்களையும் கூட்டி வைத்து, அவருடைய எழுதும் அறையிலிருந்து பொறுக்கிய குப்பையை ஒரு பையோடு தரையில் கொட்டினீர்கள். பீர் கேன்கள், கொக்கைன் குப்பிகள், மாத்திரைகள், இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டில்கள். சிகிச்சைக்குப் போ, இல்லையென்றால் வீட்டை விட்டுப் போ என்றீர்கள். முதல் முறை குப்பையிலிருந்து தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தவர், இந்த முறை குப்பையையே எடுத்து அவர் முன்னால் போட்டீர்கள். இரண்டுக்கும் ஒரே நெஞ்சுரம்தான் வேண்டும். ஓர் எழுத்தாளனைக் கட்டிப்போட்டு எழுத வைக்கும் மிசரியின் ஆனி வில்க்ஸ் வேறு யாருமில்லை, தன் போதைதான் என்று அவர் கண்டுகொண்டதும் அப்போதுதான்.

1999 ஜூன் 19. மெய்னின் வடக்கு லவெலில் சாலையோரம் நடந்துகொண்டிருந்தவரை வேன் மோதியது. ஒரு கால் மட்டும் ஒன்பது இடத்தில் முறிந்தது. ஐந்து வாரம் கழித்து, மறுபடி எழுத முயல்கிறேன் என்று அவர் சொன்னபோது, வலியோடு இப்போது எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. வீட்டின் பின்பக்க நடையில், சமையல் சாமான் அறைக்கு வெளியே, சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு மேசையைப் போட்டுக் கொடுத்தீர்கள். முதல் நாள் ஒரு மணி நாற்பது நிமிடம் எழுதினார். எழுதியது ஆன் ரைட்டிங் நூலின் மிச்சப் பகுதி. டிரெய்லரில் துணி துவைக்கும் மூலையில் தொடங்கியவர், உலகப் புகழெல்லாம் வந்த பின்னும் சாமான் அறை வாசலில் உட்கார்ந்துதான் மறுபடி எழுந்தார்.

இப்போது உங்கள் புத்தகங்கள். பதிவேட்டைத் திருத்திய கையோடு பர்லை எடுத்து உட்கார்ந்தேன். 1981இல் ஸ்மால் வேர்ல்டில் தொடங்கி, நாட்ஸ் ரிட்ஜ் என்று ஓர் ஊரையே கட்டி, நாவல் நாவலாக அதில் ஆட்களைக் குடிவைத்திருக்கிறீர்கள். அந்த ஊருக்கு வந்து சாப்பாட்டுக் கடையை எடுத்து நடத்தும் பர்ல் டிக்கன்சனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆனால் சின்ன ஊரில் ஒரு பெண்ணைச் சுற்றி எத்தனை கண்கள் திரியும் என்பது உங்களுக்கு அத்துப்படி. மைக்கேல் மெக்டவல் பாதியில் விட்டு மறைந்த நாவலை நீங்கள் முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்னொருவர் விட்ட இடத்திலிருந்து எழுதத் தன்னை ஒதுக்கி வைக்கத் தெரிய வேண்டும். அது எல்லோருக்கும் வாய்க்காது.

அவர் நிமோனியாவில் கிடந்து திரும்பியபோது, நீங்கள் அவருடைய எழுதும் அறையை மாற்றியமைத்துக்கொண்டிருந்தீர்கள். புத்தகங்கள் எல்லாம் பெட்டிக்குள். தான் செத்த பிறகு இந்த அறை இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதில் பிறந்தது 2006இல் வந்த லிசீஸ் ஸ்டோரி. புகழ்பெற்ற எழுத்தாளன் போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் அறையைக் காலி செய்யும் மனைவியின் கதை. உங்களுக்குத்தான் சமர்ப்பணம். அப்பாவின் அலமாரிகள் பாதி காலியாக இருந்த ஒரு மத்தியானம், பெட்டி மேலேயே உட்கார்ந்து அதை மறுபடி படித்தேன். அவருடைய நாவல்களில் எனக்கு முதலிடம் அதற்குத்தான். பெரிய ஆளின் பக்கத்தில் வாழ்ந்தவளை நடுவில் உட்கார வைத்து, அவளுக்குள் இருப்பதை முழுசாகக் கேட்ட புத்தகம் அது.

பதிவேட்டில் 27ஆவது வரியை அடித்துவிட்டு, புதுப் பக்கத்தில் 'கிங், டபிதா' என்று எழுதிவிட்டேன். மற்றப் புத்தகங்கள் பழைய புத்தகக் கடைக்குப் போய்விட்டன, பர்ல் என்னிடம் இருக்கிறது. பின்னட்டையின் உள்பக்கத்தில் அப்பா ஒட்டிய தேதிச் சீட்டில் எட்டு வரிகள், ஏழு உறுப்பினர் எண்கள். ஏழு பேரும் உங்கள் கணவரின் புத்தகம் என்று நினைத்துத்தான் எடுத்துப் போயிருப்பார்கள். அதில் 212ஆம் எண்காரர் மட்டும் நாலு மாதம் கழித்து வந்து, அதே புத்தகத்தை இன்னொரு முறை எடுத்திருக்கிறார்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வாசகி