முகவரிப் பட்டியல்

அன்புள்ள சுந்தரம்,

மூட்டுவலி குறைந்ததா? ஓய்வு பெற்று இத்தனை நாள் ஆன பிறகும் கனவில் விடைத்தாள் திருத்துகிறாய் என்று படித்தபோது சிரித்துவிட்டேன்.

அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் எப்படி என்று கேட்டிருந்தாய். போன வாரம் மகனின் பள்ளியிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் வந்தது. பஸ் நேரம், மதிய உணவு, ஒவ்வாமை விவரம். நடுவில் அரைப் பக்கப் படிவம் ஒன்று. பையனின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை ராணுவத்துக்குத் தர வேண்டாம் என்றால் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். சும்மா இருந்தால் சம்மதம் என்று பொருள். 2002 ஜனவரியில் புஷ் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தில் வந்து சேர்ந்த ஏற்பாடு இது. மத்திய அரசின் பணம் வாங்கும் உயர்நிலைப் பள்ளிகள், ராணுவம் கேட்டால் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். ஒரு குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் பெயர்! பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள், ஒருவரையும் விட்டுவிடவில்லை.

புஷ்ஷைத் திட்டிவிட்டு நகர முடியவில்லை. சட்டத்தை உருவாக்கியவர்களில் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் எட்வர்ட் கென்னடியும் ஒருவர். அதே ஆண்டு அக்டோபரில் ஈராக் போருக்கு எதிராக வாக்களித்த 23 செனட்டர்களிலும் அவர் இருந்தார். ஆதரித்த 77 பேரில் ஹிலாரி கிளிண்டன், கெர்ரி, பைடன் மூவரும் உண்டு. ஜனநாயகக் கட்சியை முற்போக்கு முகாம் என்று நம்பும் நம் தோழர்களிடம் இதைச் சொல்லிப் பார், பேச்சை மாற்றுவார்கள்.

பள்ளியின் உணவுக்கூட வாசலில் ராணுவத்தின் மேசை இருக்கிறது. மடிப்புக் கலையாத சீருடையில் ஓர் இளைஞர், இலவசச் சாவி வளையங்கள், கம்பியில் தொங்கி உடலை எத்தனை முறை தூக்க முடிகிறது என்று பையன்களுக்குள் போட்டி. கல்லூரிச் செலவை ராணுவம் ஏற்கும் என்று துண்டுப் பிரசுரம். பத்து மைல் தள்ளி, வசதியானவர்களின் பள்ளிக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். அங்கே அந்த மேசையைக் கண்டதில்லை. இங்கே பள்ளிப் பணத்தில் கணிசமான பகுதி அந்தந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை ஏறிய இடத்தில் நீச்சல் குளம், எங்கள் பக்கம் ஒழுகும் கூரைக்கு வாளி. இது அநியாயம் என்று டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்துப் பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973இல் 5க்கு 4 என்று தோற்றார்கள்.

ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பள்ளிக் கட்டடம் எழுப்பலாம் என்று 1953இல் சொன்னவர் அன்றைய அதிபர் ஐசனோவர். தளபதியாக இருந்தவர், குடியரசுக் கட்சிக்காரர். அதே கட்சியின் டிரம்ப் 2025 மார்ச்சில், மத்தியக் கல்வித் துறையை மூட வழிசெய்யும் ஆணையில் கையெழுத்திட்டபோது சுற்றிலும் குட்டி மேசைகள் போட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தார்.

இங்கே ஆசிரியர்கள் போராடுவார்களா என்று கேட்டாய். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் 2003 வேலைநிறுத்தத்தில் ஒரே நாளில் வேலை பறிபோய் நின்றவன் நீ, கேட்கத்தான் செய்வாய். 2018இல் மேற்கு வர்ஜீனியாவில் 55 மாவட்டங்களிலும் பள்ளிகளை மூடவைத்தார்கள். அங்கே அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். மாநிலமோ டிரம்புக்கு வாக்குகளை அள்ளிக் கொடுத்த மாநிலம். பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு ஆசிரியர்களே பைகளில் உணவு கட்டிக்கொடுத்துவிட்டுப் போராட்டத்துக்குப் போனார்கள். 5 சதவீத உயர்வு வாங்கிய பிறகுதான் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

படிவத்தை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த ஆண்டு இதைக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார் அலுவலகத்துப் பெண்மணி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. பக்கத்து வீட்டுப் பையன் ராணுவச் சேர்க்கைத் தேர்வு எழுதப் போகிறான். கணக்கு வராது, சொல்லித் தர முடியுமா என்று அவன் அம்மா வந்து கேட்டார். சனிக்கிழமை தோறும் வருகிறான். இன்னும் பின்னத்தைத் தாண்டவில்லை.

அன்புடன்,
மணி