தனியாக வருவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வெடியையும் வைத்திருக்கிறாய்: பத்திரிகையை விட்டுவிட்டு, என்னைப் போலத் தனி மக்கள் தொடர்பு ஆலோசகராக உட்காரலாமா என்று. கூடவே, என் பயோடேட்டாவை அனுப்பு, அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று வேறு!

அனுப்பியிருக்கிறேன். ஆனால் அதை நம்பி எதையும் முடிவு செய்யாதே. நிருபர், மக்கள் தொடர்பு ஏஜென்சி, ஒரு நிறுவனத்தின் தகவல் தொடர்புப் பிரிவு, அப்புறம் தனி ஆள். இந்தத் தொழிலில் பலருக்கும் இதே வரிசைதான். எந்த இடத்தில் எது ஒட்டிக்கொண்டது என்பதைப் பயோடேட்டா சொல்லாது.

நிருபர் வேலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? எது செய்தி இல்லை என்பது உனக்குத் தலைப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். லோகோ மாற்றியதற்கெல்லாம் பத்திரிகையாளர் சந்திப்பு வைக்கச் சொல்லும் கிளையண்ட் வருவார். வந்த நிருபர் திரும்பிப் போய்த் தன் ஆசிரியரிடம் என்ன சொல்லுவார் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல உன்னால் முடியும். அதற்கே அவர் உனக்குக் காசு கொடுக்கலாம்.

ஏஜென்சியில் வேகம் வந்தது. கூடவே ஒரு கெட்ட கணக்கும் வந்தது. செய்தி வந்த இடத்தை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதைப் போட்டு, இவ்வளவு மதிப்பு வாங்கிக் கொடுத்தோம் என்று மாதக் கடைசியில் அறிக்கை தருவது வழக்கம். 2010ல் பார்சிலோனாவில் கூடிய தொழில்காரர்களே, அது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று கொள்கையாக அறிவித்தார்கள். இன்னமும் அந்தத் தொகையைக் கேட்கிற கிளையண்டுகள் இருக்கிறார்கள். யார் படித்தார்கள், படித்தபின் என்ன மாறியது என்று நாம்தான் பேச்சைத் திருப்ப வேண்டும்.

அதிகம் கற்றது நிறுவனத்துக்குள் இருந்தபோதுதான். ஒரு சிக்கல் வந்தால் வக்கீல் ஒன்றும் சொல்லாதே என்பார், விற்பனைப் பிரிவு நல்லதை மட்டும் சொல் என்னும், தலைமை நிர்வாகி கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த அறையில் என்ன செய்யப்போகிறோம் என்று முடிவாகாமல், என்ன சொல்லப்போகிறோம் என்று எழுதவே முடியாது. 1982ல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றது. மக்கள் தொடர்பு வகுப்புகளில் இன்றும் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள், ஏதோ அறிக்கையை அழகாக எழுதியதால் பிழைத்தது போல. சரக்கைத் திரும்ப எடுத்ததால்தான் அறிக்கைக்கு உயிர் இருந்தது.

சரி, இதெல்லாம் உள்ளே இருந்துகொண்டே செய்யலாமே, ஏன் தனியாக வர வேண்டும்? உள்ளே இருப்பவன் மேலதிகாரியிடம் "இது பொய், எடுபடாது" என்று ஓரளவுக்குத்தான் சொல்ல முடியும். அதைச் சொல்வதற்காகவே வெளியாளை வைக்கிறார்கள். ஆனால் வெளியே வந்துவிட்டாலே நாக்குக்குச் சுதந்திரம் வந்துவிடாது. ஒரே கிளையண்ட் மாதாமாதம் தருகிற ரீடெய்னர் கட்டணம் உன் வருமானத்தில் பாதியைத் தொட்டுவிட்டால், நீ அவருடைய ஊழியன்தான், போனஸ் மட்டும் கிடையாது. எனக்கு இதுதான் கணக்கு. சின்னச் சின்னதாக நாலைந்து பேர் இருப்பது தொல்லைதான், பில்லுக்குப் பணம் கேட்டு அலைவதிலேயே பொழுது போகும். ஆனாலும் முடியாது என்று சொல்லும் தெம்பு அதில்தான் இருக்கிறது.

நம் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கர் ஐவி லீயை நினைத்துக்கொள்வேன். அவரும் உன்னைப் போல நிருபர்தான், நியூயார்க் பத்திரிகைகளில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். 1906ல் ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நாங்கள் ரகசியமாக வேலை செய்பவர்கள் அல்ல, எல்லாம் வெளிப்படை, நாங்கள் தருவது விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று தோன்றினால் பயன்படுத்தாதீர்கள் என்று. இன்றைக்கும் அதைவிட நேர்மையான அறிமுகத்தை நான் பார்த்ததில்லை. அதே மனிதர் கடைசிக் காலத்தில் ஐ.ஜி. ஃபார்பென் என்ற ஜெர்மானிய ரசாயன நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகும். 1934ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அதுபற்றி அவரை விசாரித்தது, அந்த ஆண்டே இறந்தும் போனார். இரண்டும் ஒரே ஆளின் பயோடேட்டாவில் வரும் வரிகள்.

அதனால், உன் பயோடேட்டாவை எழுதும் முன் யாருக்கு வேலை செய்ய மாட்டாய் என்று ஒரு தாளில் எழுதி வை. கையில் பணம் இருக்கும்போதே எழுது. இல்லாதபோது அந்தப் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

உனக்கென்று இன்னொன்று. உன் பழைய சகாக்கள் யாரிடமும் கொஞ்ச காலத்துக்கு எந்தக் கிளையண்டின் செய்தியையும் கொண்டு போகாதே. "உங்களுக்குத்தான் அங்கே ஆள் இருக்கிறதே" என்று சொல்லித்தான் முதல் கிளையண்ட் உன்னைத் தேடி வருவார். அப்படி வருகிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசு.

ராஜினாமாக் கடிதத்தை உடனே கொடுத்துவிடாதே. ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டாயா என்று முதலில் எழுது, மற்றதைப் பிறகு பேசலாம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்