தண்டவாளத்தை ஒட்டிய ஆப்பிள் கிடங்குகள்

அன்பு நண்பர் சண்முகம் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். பேத்தியின் திருமணம் நிச்சயமானது அறிந்து மிக்க மகிழ்ச்சி. நான் அனுப்பிய படத்தில் பழைய ரயில் பாதையோரமாக நிற்கும் நீண்ட மரக்கட்டடம் எதுவென்று கேட்டிருந்தீர்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், அனாபொலிஸ் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் ஆப்பிள் கிடங்குகளுள் அதுவும் ஒன்று.

1869-இல் இப்பள்ளத்தாக்கில் ரயில் ஓடத் தொடங்கியதும், குளிர்காலத்திலும் உறையாத ஹாலிஃபாக்ஸ் துறைமுகம் வழியே பழங்களை லண்டனுக்கும் லிவர்பூலுக்கும் அனுப்புவது எளிதாயிற்று. 1894 முதல் டொமினியன் அட்லாண்டிக் என்ற பெயர் பெற்ற அந்தப் பாதையில் நிலையந்தோறும் கிடங்குகள் எழுந்தன. ஒருபுறக் கதவில் தோட்டத்து வண்டிகள் பீப்பாய்களை இறக்கும். மறுபுறக் கதவு நேரே சரக்குப் பெட்டிக்குத் திறக்கும். பீப்பாய் ஒன்றின் எடை ஏறத்தாழ 60 கிலோ என்பதால், உருட்டிச் செல்லும் தூரம் குறைவதே பெரிய லாபம்.

சுவர்களுக்கிடையே மரத்தூளை அடைத்ததும் உள்ளே கணப்பு மூட்டியதும் பழம் உறைந்துவிடாமல் காப்பதற்காக. நம் ஊரில் வெயிலுக்கு அஞ்சிக் கிடங்கு கட்டுகிறோம்; இவர்களோ பனிக்கு அஞ்சிக் கட்டினார்கள்! கிராவன்ஸ்டீன் போன்ற முன்பருவ வகைகள் விரைவில் கப்பலேறிவிடும்; நார்தர்ன் ஸ்பை போன்று தாங்கும் வகைகளைக் குளிர்காலம் முழுவதும் தரம் பிரித்து, நல்ல விலை வரும்வரை வைத்திருந்து அனுப்புவார்கள்.

என் பார்வையில் இதன் சாரமே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. வைக்க இடமில்லாத விவசாயி, அறுவடை நாளிலேயே வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து சொந்தக் கிடங்குகள் கட்டினார்கள். 1912-இல் அந்தக் கூட்டுறவுச் சங்கங்கள் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனீஸ் என்ற பெயரில் ஒன்றிணைந்தன. ஆனால் வாங்குபவர் பெரும்பாலும் பிரிட்டன் ஒன்றே என்ற பலவீனத்தைக் கிடங்கு தீர்க்கவில்லை. 1939-இல் போர் மூண்டதும் அச்சந்தை அடைபட்டது; அரசு தலையிட்டுப் பழங்களை வாங்கி, பெரும்பகுதியைப் பதப்படுத்த அனுப்பியது. போருக்குப் பின்னும் பழைய வணிகம் திரும்பாததால் ஏராளமான மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. பள்ளத்தாக்கிலுள்ள கென்ட்வில் ஊருக்கு மேற்கே ரயிலும் 1990-இல் நின்றுபோனது; இப்போது அங்கே மிதிவண்டிகள் செல்கின்றன.

சரக்கு நிலையத்தில் காலமெல்லாம் பணியாற்றிய உங்களிடம் ஒரு கேள்வி. விலை ஏறட்டும் என்று, வேகனைக் காலி செய்யத் தாமதித்தால் விதிக்கும் டெமரேஜ் கட்டணத்தைக் கட்டிக்கொண்டு, வந்த வேகனையே கிடங்காக்கிக் காத்திருந்த வெங்காய வியாபாரிகளை நீங்கள் கண்டதுண்டா? விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
ராமநாதன்