முதலில் கார்டை விடுவிக்கவும், பிறகு ரோமை மாற்றவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆண்ட்ராய்டு போனைத் தூக்கிப் போடாமல் கஸ்டம் ரோம் (போன் கம்பெனி அல்லாமல் பிறர் தயாரித்த ஆண்ட்ராய்டு சிஸ்டம்) போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்று தங்கள் தொழில்நுட்பப் பகுதியில் சென்ற வாரம் வந்த குறிப்பைப் படித்தேன். நோக்கம் நல்லது. ஆனால் அதில் ஒரு வரியை அவசியம் திருத்த வேண்டும். முதலில் மெமரி கார்டை உள் சேமிப்பாக (போனின் சொந்த இடம்போல) மாற்றி இடம் பண்ணிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் நிரலை) அன்லாக் செய்து ரோம் போடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசையில் செய்கிறவருக்குக் கார்டில் இருக்கும் ஒரு படம்கூடத் திரும்பக் கிடைக்காது.

காரணம் இதுதான். கார்டை உள் சேமிப்பாக மாற்றும் வசதி 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-இல் தொடங்கியது. அப்படி மாற்றும்போது கார்டு முழுவதும் அழிக்கப்பட்டு, 128 பிட் ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறையில் பூட்டப்படுகிறது. பூட்டைத் திறக்கும் சாவி கார்டில் இல்லை. அது போனில் ஆப்களும் கோப்புகளும் இருக்கும் டேட்டா பார்ட்டிஷன் என்ற பகுதிக்குள், வெறும் 16 பைட் அளவுள்ள ஒரு கோப்பாக இருக்கிறது. பூட்லோடரை அன்லாக் செய்தால் பாதுகாப்புக்காகப் போன் தன் டேட்டா முழுவதையும் அழித்துவிடும். அத்தோடு சாவியும் போய்விடும். ரோம் போடும் கட்டம் வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை, அன்லாக் செய்ததுமே கதை முடிந்துவிடுகிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் இதேதான்.

அதற்குப் பிறகு அந்தக் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கும். போனில் போட்டால் கார்டு பழுது என்று காட்டும். கடையில் கார்டு செத்துப்போச்சு என்று சொல்லி வேறு கார்டை விற்றுவிடுகிறார்கள். கார்டு சாகவில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள்: 16 எம்பி அளவில் ஒரு குட்டிப் பார்ட்டிஷன், மீதி இடம் முழுவதும் பெயரில்லாத ஒரு பெரிய பார்ட்டிஷன் என்று இரண்டு பகுதி தெரிந்தால், அது உள் சேமிப்பாக மாற்றப்பட்டுப் பூட்டப்பட்ட கார்டு. இரண்டையும் அழித்துப் புதிதாக ஃபார்மேட் செய்தால் கார்டு பழையபடி வேலை செய்யும். உள்ளே இருந்ததைத்தான் எந்த ரிக்கவரி மென்பொருளாலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

சரியான வரிசை இப்படி இருக்க வேண்டும். போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து கேமரா ஃபோல்டர், வாட்ஸ்அப் ஃபோல்டர், டவுன்லோட் மூன்றையும் காப்பி எடுங்கள். எடுத்த படங்களில் நாலைந்தைக் கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய், கார்டைத் தொட்டு, மேலே உள்ள மூன்று புள்ளியில் ‘போர்ட்டபிளாக (கழற்றி வேறு கருவியிலும் போடக்கூடிய சாதாரணக் கார்டாக) ஃபார்மேட் செய்’ என்பதைக் கொடுங்கள். அது முடிந்ததும் கார்டையும் சிம்மையும் கழற்றித் தனியே வையுங்கள். இதற்கு முன்னால் அன்லாக் பக்கமே போகக் கூடாது.

அடுத்தது மாடல். போனின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். ரெட்மி நோட் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் இந்தியாவில் விற்றது ஸ்னாப்டிராகன் 625 சிப் உள்ளது, அதன் சங்கேதப் பெயர் ‘மிடோ’. அதே பெயரில் மீடியாடெக் சிப்போடு வந்த இன்னொன்றின் பெயர் ‘நிகெல்’. ஒன்றுக்கானதை மற்றொன்றில் போட்டால் போன் ஆன்கூட ஆகாமல் கல்லாகிவிடும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் நேஷனல் மார்க்கெட்டிலும் பழைய போன் வாங்குகிறவர்கள் அட்டைப் பெட்டியில் உள்ள பெயரை நம்பாமல், ஃபாஸ்ட்பூட் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் நிலை) திரையிலோ சிப் விவரம் காட்டும் ஆப்பிலோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்லாக் செய்வது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவானது இது: செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, ஓஇஎம் அன்லாக்கிங், யுஎஸ்பி டிபக்கிங் இரண்டையும் ஆன் செய்ய வேண்டும். பேட்டரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளவில்லை என்றால் டிரைவரைத் தேடுவதற்கு முன் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாத கேபிள்கள் நிறைய புழங்குகின்றன. ஃபாஸ்ட்பூட்டில் மட்டும் போன் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால், நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டை விட்டுவிட்டு யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிப் பாருங்கள். பழைய போன்களில் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

அன்லாக் ஆனபின், ரோமை ஏற்றப் பயன்படும் டிடபிள்யூஆர்பி ரிக்கவரியை (சிஸ்டம் இல்லாமலே தனியாக ஓடும் சிறு நிரலை) ஃபிளாஷ் செய்த, அதாவது போனில் எழுதிய, உடனே போனை வழக்கம்போல் ஆன் செய்துவிட்டால், பழைய சிஸ்டம் பல போன்களில் தன் சொந்த ரிக்கவரியை மறுபடி எழுதிவிடும். போட்டது காணாமல் போய்விட்டது என்று பலர் மீண்டும் மீண்டும் போடுவது இதனால்தான். ஃபிளாஷ் முடிந்ததும் அந்தப் போனுக்குரிய பட்டன்களை, பெரும்பாலும் பவரோடு வால்யூம் பட்டனை, அழுத்திப் பிடித்து நேரே ரிக்கவரிக்குள் போக வேண்டும்.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை இஎஃப்எஸ் பேக்கப். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யும் நெட்வொர்க் அமைப்பு விவரங்களும் அந்தச் சின்னப் பகுதியில்தான் இருக்கின்றன. அது கெட்டால் *#06# அடித்தால் வெறும் சைபராகவோ காலியாகவோ வரும், சிம் இருந்தும் சிக்னல் இருக்காது. பேக்கப்பை எடுத்துக் கம்ப்யூட்டரில் வையுங்கள், போனிலேயே விட்டால் அடுத்த நிமிடம் அதுவும் அழியும். பேக்கப் இல்லாதவருக்கு ஏதோ ஒரு எண்ணை எழுதித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஐஎம்இஐ-யை மாற்றுவது இந்தியாவில் குற்றம், இதற்கென்றே 2017-ல் தனி விதிகள் வந்தன. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பிறகு ‘ஃபார்மேட் டேட்டா’. சாதாரண ‘வைப்’ (துடைப்பு) போதாது. பழைய சிஸ்டம் டேட்டாவைப் பூட்டி வைத்திருந்தால் ரிக்கவரி பாஸ்வேர்டு கேட்டு நிற்கும் அல்லது உள் சேமிப்பு 0 எம்பி என்று காட்டும். ஃபார்மேட் டேட்டாவில் ‘யெஸ்’ என்று டைப் செய்தால் அது தீரும். அதன் பின் ரோம், அதைத் தொடர்ந்து உடனே கூகுள் ஆப்களின் பேக்கேஜ். முதலில் ரோமை ஆன் செய்து பார்த்துவிட்டு நாளைக்கு கூகுள் ஆப்களைப் போடலாம் என்று நினைத்தால், திரையில் ஒன்று மாற்றி ஒன்று ‘நின்றுவிட்டது’ என்று வந்துகொண்டே இருக்கும். அப்படி ஆனால் ஃபார்மேட் டேட்டாவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். பேக்கேஜ் ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் பொருந்த வேண்டும், 32 பிட்டா 64 பிட்டா என்பதற்கும் பொருந்த வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: 2015-ன் மோட்டோ ஜி மூன்றாம் தலைமுறையில் உள்ள ஸ்னாப்டிராகன் 410 ஒரு 64 பிட் சிப்தான், ஆனால் அதில் ஓடுவது 32 பிட் ஆண்ட்ராய்டு. சிப்பைப் பார்த்து 64 பிட் பேக்கேஜைப் போட்டால் ஏறாது.

ரோம் போடும்போது எரர் 7 என்று வந்து நின்றால், அதற்கு மேலே உள்ள வரியைப் படியுங்கள். இந்தப் பேக்கேஜ் இன்ன மாடலுக்கு, உன் மாடல் இன்னது என்று எழுதியிருக்கும். மாடல் வேறாக இருந்தால் தவறான ரோம். உன் மாடல் என்ற இடம் காலியாக இருந்தால் ரிக்கவரி பழசு அல்லது தப்பானது, சரியான ரிக்கவரியைப் போட்டால் தீரும். சில ரோம்கள் மோடம் (நெட்வொர்க் பகுதியின் மென்பொருள்) பதிப்பையும் சோதிக்கும், அப்போது கம்பெனியின் புதிய ஃபர்ம்வேரை (போனின் அடிப்படை மென்பொருளை) முதலில் போட வேண்டும். ரோமின் ஸிப் கோப்பைத் திறந்து சோதனை செய்யும் வரியை அழித்துவிடு என்ற யோசனை எங்கும் பரவிக் கிடக்கிறது. அந்த வரி போனைக் காப்பதற்காக வைத்தது. தயவுசெய்து அழிக்காதீர்கள்.

ஓப்பன் ஜிஆப்ஸ் என்ற கூகுள் ஆப் பேக்கேஜில் எரர் 70 வந்தால் சிஸ்டம் பார்ட்டிஷனில் இடம் போதவில்லை என்று பொருள். மெமரி கார்டு போட்டாலும் இது தீராது, அந்தப் பார்ட்டிஷன் வேறு. ஆகச் சிறிய ‘பிக்கோ’ பேக்கேஜைப் போடுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாகக் கோப்பை ஏற்றும் ஏடிபி சைட்லோடில் அனுப்பும்போது கம்ப்யூட்டரில் 47 சதவீதத்தோடு நின்றுவிட்டால் கேபிளைப் பிடுங்க வேண்டாம். பல சமயம் வேலை முடிந்தும் அங்கேயே நிற்கும், போன் திரை என்ன சொல்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் தடவை ஆன் ஆக பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கலாம். அதற்கு மேலும் லோகோவே சுற்றினால் ஏதோ தவறியிருக்கிறது, மறுபடி ரிக்கவரிக்குப் போய் ஃபார்மேட் டேட்டா.

போன் நன்றாக ஓடுகிறது, ஜியோ சிம்மில் மட்டும் பேச முடியவில்லை என்றால் அது பழுது இல்லை. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, வோல்ட்டி (4ஜி வழியாகப் பேசும் வசதி) இல்லாத ரோமில் அழைப்பே போகாது. உங்கள் மாடலுக்கான ரோமில் வோல்ட்டி வேலை செய்கிறதா என்று போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். அன்லாக் செய்த போனில் சில வங்கி ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும் திறக்க மறுக்கும். தினமும் யுபிஐ-யில் வியாபாரம் செய்கிறவர் அந்த ஒரே போனில் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

இத்தனைக்கும் பிறகுதான் கார்டு. வாங்கியதும் முதலில் சோதிக்க வேண்டும். 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்த போலிக் கார்டுகளின் கன்ட்ரோலர் (கார்டைக் கட்டுப்படுத்தும் சிப்), கேட்டால் 64 என்றே பொய் சொல்லும். எட்டுக்கு மேல் போகும்போது எழுதியது தொலையும் அல்லது பழையதன் மேல் புதியது ஏறும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்று இலவச நிரல்கள் இருக்கின்றன. கார்டை முழுதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் 64 ஜிபி எழுத மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கட்டாயம் ஒதுக்குங்கள்.

உள் சேமிப்பாக மாற்றுவதென்றால் ஏ1 என்ற குறி உள்ள கார்டு வேண்டும். ‘கிளாஸ் 10’ என்பது வீடியோவைத் தொடர்ந்து எழுதும் வேகம் மட்டுமே. ஆப்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக அங்கங்கே படித்து எழுதும், ஏ1 என்றால் அப்படி விநாடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்கும், 500 முறை எழுதும். சாதாரண கிளாஸ் 10 கார்டில் ஆப்களை ஏற்றிவிட்டு ரோம் மெதுவாக இருக்கிறது என்று குறை சொல்வதில் நியாயமில்லை. 64 ஜிபி கார்டை ரோம் ‘பழுது’ என்று காட்டினால், அதன் கெர்னலில் (சிஸ்டத்தின் மையப் பகுதியில்) எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைக்கு ஆதரவு இல்லாமல் இருக்கலாம். போனிலேயே ஃபார்மேட் செய்தால் தனக்குத் தெரிந்த முறையில் அமைத்துக்கொள்ளும். ஃபேட்32 என்ற பழைய முறையில் அமைந்தால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, அது ஒன்றுதான் குறை.

என் கருத்தில் பழைய போனுக்குப் போர்ட்டபிள் கார்டே போதும். படம், பாட்டு, வீடியோ கார்டில், ஆப்கள் போனில். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மகனின் பழைய போனை வைத்திருக்கும் பெரியவர்களுக்கும், தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர்களுக்கும் கார்டு நிறைய பாட்டும் குடும்பப் படமும்தான் இருக்கின்றன. போன் ஒரு நாள் செத்தாலும் கார்டைக் கழற்றி அடுத்த போனில் போட்டுக்கொள்ள முடிய வேண்டும். உள் சேமிப்பாகத்தான் வேண்டும் என்பவர், ரூட் (சிஸ்டத்தின் முழு அனுமதி) உள்ள போனில் டேட்டா, மிஸ்க், வோல்ட் என்று உள்ளே போய், ‘எக்ஸ்பேண்ட்’ என்று தொடங்கும் அந்த 16 பைட் சாவிக் கோப்பைக் காப்பி எடுத்துக் கம்ப்யூட்டரில் வைக்கட்டும். அது கையில் இருந்தால் விஷயம் தெரிந்தவர் லினக்ஸில் கார்டைத் திறந்து தர முடியும்.

தங்கள் குறிப்பை நம்பி இந்த வார இறுதியில் யாராவது கார்டை உள் சேமிப்பாக மாற்றிவிட்டு அன்லாக் செய்யக் கூடும். ஆகவே திருத்தத்தை அடுத்த வாரம் வரை வைக்காமல், நாளைய பதிப்பிலேயே, அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ரோம் மாற்றித் தரும் கடைக்காரர்களும் போனை வாங்கும்போதே ‘கார்டு உள் சேமிப்பா, போர்ட்டபிளா’ என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதி வாடிக்கையாளர் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
கைபேசி பழுது பார்க்கும் வாசகர்,
அல்சூர், பெங்களூரு