கட்டிங் வேஸ்ட்டில் பிழைப்பு: பொதுத் தையற்கூடம் கேட்டு திருப்பூர் மாநகராட்சி ஆணையருக்கு மனு

அனுப்புநர்
மகளிர் சுய உதவிக்குழு உறுப்பினர்கள்,
நொய்யல் கரையோரக் குடியிருப்புப் பகுதி,
திருப்பூர்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
திருப்பூர் மாநகராட்சி.

பொருள்: பனியன் கம்பெனிகளில் வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுத் துணியில் (கட்டிங் வேஸ்ட்) பையும் கால்மிதியும் தைக்கும் பொதுத் தையற்கூடம் அமைக்க இடமும் மின் இணைப்பும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த மனுவை எழுதும் நான் 22 வருடம் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவள். டெய்லருக்குக் கூடமாட உதவும் கைமடியாகச் சேர்ந்து, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் பழகி, கடைசியில் தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங்கில் நின்றேன். ஒன்றரை ஷிப்ட் நின்று நின்று முட்டி தேய்ந்துவிட்டது. கூடவே கையெழுத்துப் போட்டிருக்கும் பெண்களின் கதையும் இதுதான். ஒருவருக்குப் பார்வை மங்கிவிட்டது, ஒருவருக்கு இடுப்பு வலி, இன்னொருவர் வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. கம்பெனி நேரத்துக்கு எங்களால் இனி ஓட முடியாது. ஆனால் தைக்கும் கை இன்னும் அப்படியே இருக்கிறது. வீட்டுப் பக்கத்திலேயே நாலைந்து மணி நேர வேலை கிடைத்தால் யாரையும் எதிர்பார்க்காமல் பிழைத்துக்கொள்வோம்.

அதற்கான சரக்கு எங்கள் தெருமுனையிலேயே கிடக்கிறது.

ஒரு டி-ஷர்ட் வெட்டினால் கழுத்து வளைவும் கை வளைவும் மிச்சமாகும். அதில் வெள்ளையையும் நல்ல காட்டன் துணியையும் வியாபாரிகள் எடைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். அது மெஷின் துடைக்கப் போகும், இல்லையென்றால் அரைத்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாகும். நிறம் பிரித்து அரைத்தால் அந்த நூலுக்குப் புதிதாகச் சாயம் ஏற்ற வேண்டியதே இல்லை. சாயத்தண்ணீரால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊர் தவித்த தவிப்பையும் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். சாயம் இல்லாமல் ஒரு கிலோ நூல் கிடைப்பதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

சிக்கல் மீதித் துணியில்தான். ரப்பர் மாதிரி இழுபடும் லைக்ரா நூல் கலந்தது, பாலியஸ்டர் கலந்தது, பல நிறம் ஒன்றாகச் சேர்ந்த சின்னச் சின்ன பிட்டு, இதையெல்லாம் எடுக்க ஆள் வருவது குறைவு. மூட்டை மூட்டையாகக் காலி மனையில் விழுகிறது, மழை வந்தால் சாக்கடையை அடைக்கிறது. சில நாள் இருட்டிய பிறகு யாரோ தீ வைத்துவிடுகிறார்கள். அந்தப் புகையில் குழந்தைகள் இருமுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க எங்களால் முடியவில்லை. யார் மேலும் புகார் சொல்லி எழுதும் மனு இது இல்லை. குப்பைக்குப் போகும் இந்தத் துணியை எங்களிடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இரண்டு மாதம் வீட்டில் வைத்துத் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம். டி-ஷர்ட்டுக்கு எடுக்கும் மெல்லிய சிங்கிள் ஜெர்சி துணி ஓரம் சுருளும், எடை வைத்தால் கீழே இழுபடும். அதை இரட்டையாக மடித்து, கைப்பிடிக்கு, கழுத்துப் பட்டிக்கு வைக்கும் ரிப் துணி கொடுத்துத் தைத்ததும் காய்கறிப் பை உறுதியாக நின்றது. கெட்டியான பிளீஸ் துணிக்கு அந்தக் கவலையே இல்லை, அப்படியே பையாகிவிடும். உள்ளங்கை அகலத்துக்கும் குறைவான பிட்டைக் கீறி, பின்னிக் கால்மிதியாக்கினோம். லைக்ரா கலந்தது கால்மிதிக்குத்தான் நன்றாக அமைகிறது. எங்களில் சிலரிடம் அரசு கொடுத்த இலவசத் தையல் மெஷின் இருக்கிறது. அதில் சாதா ஊசி போட்டுப் பனியன் துணி தைத்தால் தையல் விட்டுவிட்டுப் போகிறது. முனை மழுங்கிய பால் பாயின்ட் ஊசி மாற்றிப் பார்த்தோம், சரியாக வருகிறது. ஆனால் ஓரம் அடிக்க ஓவர்லாக் இல்லாமல் முடியாது, அதற்கு கரண்டில் ஓடும் பவர் மெஷின் வேண்டும். பத்துக்குப் பத்து வாடகை வீட்டில் அதை எங்கே போடுவது?

விற்க வழி இருக்கிறது என்று நம்புகிறோம். 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது, 10 ரூபாய் போட்டால் பை தரும் மெஷினும் பிறகு வந்தது. துணி நகரம் என்று பெயர் எடுத்த திருப்பூரில், உழவர் சந்தைக்கும் பூ மார்க்கெட்டுக்கும் போகிற பை எங்கள் கையால் தைத்ததாக இருக்கலாமே.

புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்கள் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைத்து மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறார்கள். சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் வீடுவீடாகக் குப்பை வாங்கிப் பிரித்து விற்பது மகளிர் குழுக்கள்தான். சுய உதவிக்குழுக்களையும் குப்பை பொறுக்குவோரையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ள 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இடம் கொடுத்தன. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். அவர்கள் குப்பையிலிருந்து தொடங்கினார்கள், எங்களிடமோ துணியோடு தொழிலும் இருக்கிறது.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. இந்தப் பகுதியில் மாநகராட்சிக்குச் சொந்தமாகக் காலியாக உள்ள ஒரு கட்டடத்தை, அது தகரக் கொட்டகையாக இருந்தாலும் போதும், மூன்று வருடத்துக்குக் குறைந்த வாடகையில் எங்கள் குழுக்களுக்குக் கொடுங்கள். பவர் மெஷின் ஓடும்படி மின் இணைப்பும் ஒரு கழிப்பறையும் அவசியம். அப்புறம், சின்னக் கம்பெனிகளின் துண்டுத் துணியை வாரம் இரண்டு நாள் தனியாக வாங்கி வந்து கூடத்தில் இறக்க ஒரு வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். மற்ற குப்பையோடு கலந்து, நனைந்து வந்தால் அந்தத் துணி எதற்கும் உதவாது. எல்லாவற்றையும்விட இதைத்தான் அழுத்திக் கேட்கிறோம்.

ஓவர்லாக் மெஷினுக்கான பணத்தில் ஒரு பகுதியை எங்கள் சேமிப்பிலிருந்து போடுகிறோம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுமக்கள் பங்கு மூன்றில் ஒன்று என்கிறார்கள். கட்டடத்தைச் சீர்செய்ய அந்த வழி இருந்தால், பக்கத்துக் கம்பெனி முதலாளிகளிடம் பேசிப் பங்குத்தொகை திரட்டவும் தயார். மாநகராட்சி நிகழ்ச்சிகளுக்கு வாங்கும் பைகளில் ஒரு பங்கை முதல் வருடம் மட்டும் எங்களிடம் வாங்கினால், அதற்குள் சந்தைக் கடைக்காரர்களைப் பிடித்துவிடுவோம்.

தாங்கள் நேரில் பார்க்க நாள் ஒதுக்கினால், தைத்து வைத்திருக்கும் பைகளையும் கால்மிதிகளையும் கொண்டு வருகிறோம். பையில் ஐந்து கிலோ வெங்காயத்தைப் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மகளிர் சுய உதவிக்குழு உறுப்பினர்கள்

இடம்: திருப்பூர்
இணைப்பு: உறுப்பினர்களின் கையெழுத்துப் பட்டியல், மாதிரிப் பை ஒன்று