கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது: குடிநீர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டக் குடிநீர்ப் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் நிலத்தடி நீரில் இறங்கும் நைட்ரேட் என்ற உப்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது என்று சொன்னதே உங்கள் ஆய்வகம்தான். கிராமசபையில் கேட்டதற்கு, "கொதிக்க வைத்துக் கொடுங்கள், ஒன்றும் செய்யாது" என்றீர்கள். அந்தப் பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது.

பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தாய்ப்பால் போதவில்லை; புட்டிப்பால்தான். ஆச்சி உங்கள் சொல்லை நம்பி, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை அடுப்பில் வைத்திருந்து, ஆற்றி, பால் பவுடர் கலக்குகிறார். கிருமி செத்துவிடும், சரி. நைட்ரேட் ஆவியாகாதே! தண்ணீர் பாதியானால் அதன் செறிவு இரண்டு மடங்காகிறது. பேரனுக்காக அவர் எவ்வளவு பாடுபடுகிறாரோ அவ்வளவுக்குக் கேடு கூடுகிறது.

பச்சிளம் குழந்தையின் இரைப்பையில் அமிலம் குறைவு. அங்கே பெருகும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகிறது. அது இரத்தத்தில் சேர்ந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை மெத்தமோகுளோபினாக மாற்றிவிடுகிறது. மெத்தமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. இதைப் பழைய நிலைக்குத் திருப்பும் நொதி பெரியவர்களிடம் இருப்பதில் பாதியளவே சிசுவிடம் உண்டு. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். மாநிறப் பிள்ளைகளிடம் அதுவும் சட்டென்று தெரியாது. கிணற்று நீரில் கரைத்த பாலால் குழந்தைகளுக்கு இப்படி நேர்வதை அமெரிக்க மருத்துவர் ஹண்டர் காம்லி 1945-லேயே எழுதிவிட்டார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கொதிக்க வைக்கச் சொல்கிறீர்களே!

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீர் கொடுங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

ஒவ்வொரு கூட்டத்திலும் குளோரின் போட்டாயிற்று என்கிறீர்கள். குளோரினுக்கும் நைட்ரேட் போகாது. யூரியாவைக் கொட்டுகிறார்கள் என்று விவசாயியைக் கைகாட்டுகிறீர்கள். கிணற்றை ஒட்டிக் கழிவுநீர்த் தொட்டி கட்ட விட்டது யார்? தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியே அடுத்த மாவட்டம்வரை போகிறது. அதைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் தாகம்தான். ஆனால் அந்த ஆறு பிறக்கும் மாவட்டத்திலேயே பிள்ளைக்குப் பால் கரைக்க நல்ல தண்ணீர் இல்லை என்பதை எப்படிப் பொறுப்பது?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்து சேரும்வரை, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குத் தினமும் லாரியில் ஆற்றுத் தண்ணீர் அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது என்பதையும், லாரி வரும் நேரத்தையும் அங்கன்வாடிச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஊர் மக்கள் சார்பில் ஒருவர்